ஆழம் பார்ப்போம்: தொப்பி போட்ட நத்தைக்குப் பெயர் வைப்பது அவ்வளவு கஷ்டமா?

வீட்டில் ‘ஒன் பீஸ்’ பார்க்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்களிடம் ‘வடாட்சுமி’ என்று சொல்லிப் பாருங்கள். மலைபோல நிற்கும் அந்த மீன்மனிதனை உடனே அடையாளம் சொல்லிவிடுவார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே ஜப்பானியப் புராணக் கதைகளில் அந்தப் பெயர் கடல் தெய்வத்துக்கு உரியது. 2025-ல் மூன்றாவதாக ஒருவர் இந்தப் பெயரை வாங்கிக்கொண்டார். அவர் ஒரு நத்தை!

முழுப் பெயர் பாத்திலெபெட்டா வடாட்சுமி. டோக்கியோவிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தென்கிழக்கே, 5,922 மீட்டர் ஆழத்தில் இருந்த ஓர் எரிமலைப் பாறையின் மேல் கிடைத்தது. ஜப்பானின் ‘ஷின்காய் 6500’ நீர்மூழ்கியில் மனிதர்களே நேரில் இறங்கிப் போய் எடுத்து வந்தார்கள். எவ்வளவு ஆழம் என்று புரிய ஒரு கணக்கு: ஊட்டியின் தொட்டபெட்டா சிகரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை அடுக்கினாலும் அதன் நுனி வெளியே தெரியாது. அதற்கு மேலும் 600 மீட்டருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும்.

நத்தையின் ஓடு 40.5 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலம். இதற்குப் போய் மலை மனிதனின் பெயரா என்று கேட்கலாம். அதன் சொந்தக்காரர்கள் பலர் சட்டைப் பொத்தான் அளவைத் தாண்டாதவர்கள். அந்த வீட்டில் இவர்தான் பெரியவர். ஆய்வுக்குழுவை வழிநடத்திய சோங் சென் குழுவினர் கடல் தெய்வத்தையும் அனிமே ராட்சதனையும் ஒரே பெயரில் கும்பிட்டுவிட்டார்கள்.

பெயர் வைப்பது ஜாலியான வேலைபோலத் தெரிகிறது, இல்லையா? அந்தக் கடைசி வரியை எழுதுவதற்கு முன்னால் நடக்கிற வேலைதான் இந்த வாரக் கதை. ஆழ்கடலில் ஒரு சின்ன நத்தை கிடைத்தால், “இது புதுசு” என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அப்படிக் கண்டுபிடித்தால் யாருக்கு என்ன லாபம்?

ஹெல்மெட் போட்டவர்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளா?

இந்த வகை நத்தைகளை ஆங்கிலத்தில் ‘லிம்பெட்’ என்பார்கள். சாதாரண நத்தைக்குச் சுருள் சுருளான ஓடு இருக்கும். லிம்பெட்டுக்குக் கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம்போல, தொப்பிபோல ஓடு. அடியில் சதைப்பற்றான ஒரே கால். அந்தக் காலால் பாறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டால் அலை அடித்தாலும் அசையாது. கன்னியாகுமரிப் பக்கம் போனால், அலை வந்து மோதும் பாறைகளில் கோடு கோடாக வரிவிழுந்த கிண்ணங்கள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அவையும் லிம்பெட்தான்.

சிக்கல் அந்தத் தொப்பியில்தான் ஆரம்பிக்கிறது. பாறையில் ஒட்டி வாழ்வதற்குத் தொப்பி வடிவம் ரொம்ப வசதி. அதனால் நத்தைக் குலத்தில் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவே இல்லாத பல கிளைகள், வெவ்வேறு காலங்களில், தனித்தனியாக இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சிக்னலில் ஹெல்மெட் போட்டு நிற்பவர்களெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்ல முடியுமா? அதே கதைதான். ஓட்டை மட்டும் பார்த்து உறவு சொன்னால் தப்பாகத்தான் போகும்.

தொப்பி வேறொரு விதத்திலும் ஏமாற்றும். தட்டையான கல்லில் வளர்ந்தால் ஓட்டின் விளிம்பு தட்டையாக இருக்கும். குழாய்போன்ற புழுவின் மேல் ஒட்டி வளர்ந்தால் அதற்கேற்ப வளைந்திருக்கும். ஒரே இனம், இரண்டு உருவம். ஆழ்கடல் நீரில் ஓட்டின் உச்சி அரித்துப் போவதும் உண்டு. அந்த உச்சியில்தான் குஞ்சாக இருந்தபோது முளைத்த முதல் ஓடு ஒட்டியிருக்கும். அடையாளம் காண்பதற்கு மிக உதவும் பகுதி அது. அதுவே கரைந்து போயிருந்தால், அங்க அடையாளம் அழிந்த ஆதார் அட்டையை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது போலத்தான்.

வோட்காவில் ஊறிய ஆழ்கடல்

1977-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் இந்தக் குழப்பம் நன்றாகப் புரியும்.

அந்த வருடம் அமெரிக்காவின் ‘ஆல்வின்’ நீர்மூழ்கி, கலாபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஊற்றுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாகச் சிப்பிகள், நண்டுகள், ராட்சதக் குழாய்ப்புழுக்கள் என உயிர்களும் இருந்தன. வெளிச்சமே எட்டாத இடத்தில் இப்படியோர் ஊர் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கப்பலில் உயிரியல் நிபுணர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் புவியியல், வேதியியல் ஆட்கள். பிடித்த உயிர்களைப் பதப்படுத்த போதுமான ஃபார்மலின்கூட இல்லாமல், பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்காவில் சிலவற்றை ஊறவைத்தார்கள்!

கலாபகோஸ் ஊற்றுகளிலிருந்து வந்த உயிர்களில், சுமார் 3 சென்டிமீட்டர் அகலமுள்ள தொப்பி நத்தை ஒன்றும் இருந்தது. பார்வைக்கு லிம்பெட். லாஸ் ஏஞ்சல்ஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் மெக்லீன் அதை ஆராய்ந்தார். வெளியே லிம்பெட், உள்ளே எந்த லிம்பெட்டோடும் ஒத்துப்போகவில்லை. சிறுவயதில் ஓடு சுருண்டிருக்கிறது. வளர வளரத்தான் தொப்பியாக விரிகிறது. பாறையைச் சுரண்டித் தின்னும் லிம்பெட்டுகளைப்போல இல்லாமல், பெரிய செவுளால் தண்ணீரை வடிகட்டி உணவை எடுக்கிறது.

1981-ல் மெக்லீன் அதற்கு நியோம்ஃபாலஸ் ஃப்ரெட்டரே என்று பெயர் சூட்டினார். நத்தைகளின் உடலமைப்பை ஆராய்வதில் பேர்பெற்ற பிரிட்டிஷ் அறிஞர் வேரா ஃப்ரெட்டருக்கு மரியாதை. ஏற்கெனவே இருந்த எந்தக் குடும்பத்திலும் அடைக்க முடியாததால் அதற்கென்று புதிதாக ஒரு குடும்பத்தையே ஏற்படுத்த வேண்டியிருந்தது. பின்னாளில் அதன் பெயரில் ஒரு தனி வரிசையே உருவானது. இந்த வரிசையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இரும்புச் செருப்பு போட்ட ஓர் உறவினர் வரப்போகிறார்.

வாயைத் திற, யாரென்று சொல்கிறேன்!

சரி, ஓட்டை நம்ப முடியாது. அப்படியானால் வேறு எதைப் பார்ப்பது?

முதலில் பல். நத்தையின் வாய்க்குள் நாக்குபோல ஒரு பட்டை இருக்கும். அதன்மேல் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள். ‘ராடுலா’ என்று பெயர். தேங்காய்த் துருவியை ஒரு ரிப்பனாகச் செய்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். உண்மையான லிம்பெட் கூட்டத்துக்கு ஒரு வரிசையில் பற்கள் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் மண்வெட்டிபோலத் தடிமன். வேறு கிளையிலிருந்து வந்து தொப்பி மாட்டிக்கொண்ட பலருக்கோ விளக்குமாறுபோல மெல்லிய பற்கள் ஏராளம். தொப்பி ஒன்றுதான். வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பொத்தான் அளவு நத்தையின் நாக்கை எப்படி எடுப்பது? சதையைக் கரைக்கும் திரவத்தில் போட்டுவைப்பார்கள். நீர்த்த ப்ளீச் போதும். சதை கரைந்ததும் நூலிழைபோல ராடுலா மட்டும் மிஞ்சும். அதைக் கழுவி, நீட்டி விரித்து, மேலே மெல்லிசாக உலோகப் பூச்சு பூசி, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுப்பார்கள். கை நடுங்கினால் காரியம் கெட்டது. சில நேரம் கையில் இருப்பதே இரண்டு மூன்று நத்தைகள்தான்.

அடுத்து உடம்பு. கண் இருக்கிறதா, செவுள் எந்தப் பக்கம், உணர்கொம்பு எப்படி, காலைச் சுற்றி என்ன என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். வடாட்சுமியின் குடும்பத்துக்குக் கண்ணே கிடையாது. 

அடுத்து முகவரி. ஆழ்கடல் லிம்பெட்டுகளில் பலர் முகவரி விஷயத்தில் ரொம்பக் கறார். சிலர் கடலடியில் மூழ்கிய மரக்கட்டையில் மட்டுமே இருப்பார்கள். சிலர் செத்துப்போன திமிங்கிலத்தின் எலும்பில். ஒரு குடும்பம் சுறா, திருக்கை மீன்களின் காலி முட்டைக்கூட்டில். இன்னொரு குடும்பத்தின் வீடு கணவாய் மீனின் அலகு! கணவாய் இறந்த பிறகு மக்காமல் கடலடியில் கிடக்கும் அந்தச் சின்ன அலகில் ஒரு குடும்பமே தலைமுறை தலைமுறையாகப் பிழைக்கிறது. ஆகவே, ‘எதன் மேலிருந்து எடுத்தீர்கள்’ என்ற குறிப்பு தொலைந்துபோனால், பாதி அடையாளம் தொலைந்த மாதிரி.

கடைசியாக டி.என்.ஏ. ஒரு துளி சதையிலிருந்து குறிப்பிட்ட ஒரு மரபணுப் பகுதியைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த இனங்களோடு ஒப்பிடுவார்கள். கடையில் பார்கோடு ஸ்கேன் செய்வதுபோல. அந்த முறைக்குப் பெயரே டி.என்.ஏ பார்கோடிங்தான்.

அச்சு அசல் ஒன்றுபோல... ஆனால் இரண்டு பேர்!

டி.என்.ஏ வந்ததும் நத்தை நிபுணர்களுக்குச் சில அதிர்ச்சிகள் காத்திருந்தன. அதில் ஒன்று, வட அமெரிக்காவின் பசிபிக் கரைக்கு அப்பால் நடந்தது.

அங்கே கடலடியில் ஹுவான் டி ஃபூகா, கோர்டா என்று இரண்டு மலைத்தொடர்கள். இரண்டிலும் வெந்நீர் ஊற்றுகள். ஊற்றுகளின் மேல் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள குட்டி லிம்பெட்டுகள், இடம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். தீபாவளிக்கு முதல்நாள் கோயம்பேடு மாதிரி! சுரண்டித் தின்னும், வடிகட்டித் தின்னும், செவுளில் பாக்டீரியா வளர்த்தும் பிழைக்கும். 1988-ல் அதே ஜேம்ஸ் மெக்லீன் இதற்கு லெபெட்டோட்ரைலஸ் ஃபூசென்சிஸ் என்று பெயர் வைத்தார். இரண்டு மலைத்தொடரிலும் இருப்பது இதே இனம்தான் என்றுதான் பிறகு நினைத்திருந்தார்கள். ஓடு ஒன்றுபோல இருந்ததே!

2006-ல் ஷானன் ஜான்சன் உள்ளிட்ட குழு மரபணுவைப் படித்துப் பார்த்தபோது கணக்கு மாறியது. இரண்டு மலைத்தொடருக்கும் நடுவே பிளாங்கோ என்ற நீண்ட பிளவு, 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அந்த இடைவெளி குஞ்சுகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவிடாமல் பிரித்து வைத்திருக்கிறது. தெற்கே இருப்பது தனி இனம். லெபெட்டோட்ரைலஸ் கோர்டென்சிஸ் என்ற பெயர் அப்போதுதான் அதற்குக் கிடைத்தது.

‘ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு நத்தைக்கு எதுக்கு ரெண்டு பேரு’ என்று தோன்றலாம். இப்படி யோசியுங்கள். கோர்டாவில் இருப்பதெல்லாம் ஏதோ காரணத்தால் அழிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். 2006-க்கு முன்பாக இருந்தால், “பரவாயில்லை, வடக்கே நிறைய இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. போனால் ஓர் இனமே போனது. 

தொட்டில் போட்டுப் பெயர் சொல்ல...

எல்லா ஆதாரமும் சேர்ந்த பிறகு, பெயர் சூட்டு விழா. இதற்கும் ஒரு சட்டப் புத்தகம் உண்டு. விலங்குகளின் பெயர்களுக்கான சர்வதேச விதிகள். கணக்கு தொடங்குவது 1758-ல். ஸ்வீடனின் லின்னேயஸ் தன் பட்டியலின் பத்தாம் பதிப்பை வெளியிட்ட வருடம் அது. ஐரோப்பியக் கரைகளில் சாதாரணமாகக் காணப்படும் லிம்பெட்டுக்கு அந்த வருடமே பட்டெல்லா வல்காட்டா என்று பெயர் விழுந்துவிட்டது.

விதிப்படி, புதிய இனத்துக்கு ‘இதுதான் மூல மாதிரி’ என்று ஒரே ஒரு உடலைக் குறிக்க வேண்டும். ‘ஹோலோடைப்’ என்பார்கள். அது அருங்காட்சியகம் போன்ற பொதுச் சேகரிப்பில் பத்திரமாக இருக்க வேண்டும். நூறு வருடம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தால், பெட்டியைத் திறந்து அந்த நத்தையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அளவு, படம், பல், கிடைத்த இடம், ஆழம், சொந்தக்காரர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதி அச்சேற்ற வேண்டும். பெயர் தெய்வத்தின் பெயராக இருக்கலாம், ஊர்ப் பெயராக இருக்கலாம், அனிமே பாத்திரமாகவும் இருக்கலாம். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது மட்டும் நாகரிகமில்லை என்பது எழுதாத வழக்கம்.

இந்த வேலை எவ்வளவு காலம் பிடிக்கும்? 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு புதிய இனம் முதன்முதலில் சேகரிக்கப்பட்டதிலிருந்து பெயர் கிடைக்கும்வரை ஆகும் காலத்தைக் கணக்கிட்டது. சராசரி 21 வருடம். ஒரு குழந்தை பிறந்து, படித்து, டிகிரி வாங்கும்வரை பெயரே இல்லாமல் கண்ணாடிக் குப்பியில் காத்திருப்பது மாதிரி!

பெயர் இல்லையென்றால் என்ன நஷ்டம்?

ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்கு அரிசி கிடைக்குமா? அவர் எதிரே நின்றாலும் கணக்கில் இல்லை. உயிரினங்களுக்கும் அப்படித்தான்.

நான் சொன்ன அந்த இரும்புச் செருப்பு உறவினரைப் பார்ப்போம். 2001-ல் இந்தியப் பெருங்கடலின் வெந்நீர் ஊற்று ஒன்றில் ஒரு நத்தை கிடைத்தது. காலெல்லாம் இரும்புத் தாது படிந்த செதில்கள். விலங்குலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத கவசம். அதைக் குலவரிசையில் எங்கே வைப்பது என்று தேடியபோது, கைகொடுத்தது 1981-ல் மெக்லீன் விவரித்த அந்தக் கலாபகோஸ் தொப்பி நத்தையின் வரிசைதான். ஒருவர் பொறுமையாக எழுதி வைத்தது, இன்னொரு கடலில் இன்னொரு நத்தைக்கு வீட்டு விலாசம் ஆனது.

உலகமே வியந்து பேசிய இந்த நத்தைக்குக்கூட கிரைசோமாலன் ஸ்குவாமிஃபெரம் என்ற முறையான விவரிப்பு 2015-ல்தான் வந்தது. 14 வருடம் கழித்து! அதற்கு நான்கு வருடம் கழித்து, 2019-ல், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்று இடம்பெற்றது. ஆழ்கடல் சுரங்கம் என்ற காரணத்துக்காக அந்தப் பட்டியலில் ஏறிய முதல் உயிர் அதுதான். அப்போது அது வாழ்வதாகத் தெரிந்த இடம் மூன்றே ஊற்றுகள். மொத்தப் பரப்பு 0.02 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் சுமார் 5 ஏக்கர்!

ஏன் சுரங்கம்? இந்த வெந்நீர் ஊற்றுகள் கக்கும் நீரில்தான் செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி எல்லாம் கரைந்து வந்து படிகின்றன. உலோகம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் நத்தையின் வீடும்.

2021-ல் உலகெங்கும் வெந்நீர் ஊற்றுகளில் மட்டும் வாழும் 184 மெல்லுடலிகளை ஆராய்ந்து பட்டியலிட்டார்கள். நத்தை, லிம்பெட், சிப்பி எல்லாம் அதில் அடக்கம். 62 சதவிகிதம் ஆபத்தில் இருப்பவை. இந்தியப் பெருங்கடலில் வாழ்பவற்றை மட்டும் எடுத்தால் 100 சதவிகிதம். இந்த 184-ம் ஏற்கெனவே பெயர் பெற்றவை. பெயர் இல்லாதவை அந்தக் கணக்கில் வரவே முடியாது. பசிபிக் பெருங்கடலில் கனிம உருண்டைகளுக்காகக் குறிவைக்கப்படும் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் மட்டும், அங்கே பதிவான விலங்கினங்களில் சுமார் 90 சதவிகிதத்துக்கு இன்னும் பெயர் இல்லை என்கிறது 2023-ல் வெளியான ஆய்வு.

பள்ளிக்கரணைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. 2016-ல் இந்தியா, சர்வதேச கடலடி ஆணையத்துடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. இந்தியப் பெருங்கடலின் நடு மலைத்தொடரிலும் தென்மேற்கு மலைத்தொடரிலும் 10,000 சதுர கிலோமீட்டரில், ஊற்றுகள் படியவைத்த சல்ஃபைடு தாதுக்களை ஆராயும் உரிமை. இது தேடிப் பார்க்கும் உரிமைதான். தோண்டி எடுக்கும் உரிமை அல்ல.

ஆழத்துக்குப் போகும் கருவிகளை உருவாக்குவது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். 2021-ல் அவர்களின் ‘வராஹா’ இயந்திரம் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,270 மீட்டர் ஆழத்தில் கடலடியில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. அடுத்து, மூன்று பேர் உட்கார்ந்து 6,000 மீட்டர்வரை போகக்கூடிய ‘மத்ஸ்யா 6000’. 2025 தொடக்கத்தில் அதைச் சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளி துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

நாட்டுக்கு உலோகம் வேண்டும். பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டர் முதல் கையில் இருக்கும் போன்வரை எல்லாவற்றுக்கும் அது தேவை. அதே திட்டத்தில் ஆழ்கடல் உயிர்களை ஆராய்வதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது நல்ல விஷயம். இரண்டு வேலைகளும் ஒரே வேகத்தில் நடக்குமா என்பதுதான் கேள்வி. இயந்திரம் செய்ய பொறியாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நத்தையின் நாக்கை விரித்துப் பல் எண்ணுவதற்கு எத்தனை பேர் வருவார்கள்? உலகம் முழுக்கவே இந்த வகைப்பாட்டியல் படிப்புக்கு ஆள் குறைந்துகொண்டு வருகிறது.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு விலங்கியல் எடுக்கலாமா என்று உங்கள் வீட்டில் யாராவது தயங்கிக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரையை ஒரு முறை ஃபார்வேர்டு செய்யுங்கள். பொறுமையும் நடுங்காத கையும் இருந்தால் போதும். காத்திருக்கும் குப்பிகள் நிறைய இருக்கின்றன. ‘மத்ஸ்யா’ ஆழத்திலிருந்து முதல் தொப்பி நத்தையைக் கொண்டுவரும்போது அதை யாராவது அடையாளம் சொல்ல வேண்டுமே!

அதற்குள் கன்னியாகுமரிப் பக்கம் போனால், பாறையில் ஒட்டியிருக்கும் லிம்பெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிய்த்து எடுக்க வேண்டாம். தண்ணீர் ஏறும்போது சாப்பிடக் கிளம்பி, இறங்கும்போது அச்சு மாறாமல் தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்காரும் பழக்கம் லிம்பெட்டுகள் பலவற்றுக்கும் உண்டு.

அடுத்த வாரம் வேறொரு ஆழத்தில் சந்திப்போம். அதுவரை ஒரு கேள்வி: நம் கடலில் ஒரு புதிய நத்தை கிடைத்தால் நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? கமென்ட்டில் சொல்லுங்கள். உங்கள் சொந்தப் பெயர் மட்டும் செல்லாது!